ஆப்பிரிக்க வம்சாவளி நடனம்: பல்கலைக்கழகக் கல்வி

அட்லாண்டிக் அடிமை வணிகத்தால் கரீபியத் தீவுகளுக்கும் பிரேசிலுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் காத்து வளர்த்த ஆட்ட மரபுகளையும், அவற்றிலிருந்து கிளைத்த இன்றைய மேடை நடனத்தையும் பல்கலைக்கழகங்களில் பயிற்றுவிக்கும் துறை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1930-களில் இதற்கு வித்து விழுந்தது. 1960-களின் இறுதியில்தான் பாடத்திட்டத்தில் இடம் கிடைத்தது. ஊர்கூடி ஆடிக் கற்ற கலை, பருவத்தேர்வும் பட்டமும் கொண்ட ஏற்பாட்டுக்குள் வந்தபோது எதைத் தன்னுடன் கொண்டுவர முடிந்தது என்ற கேள்வி இதன் வரலாறு நெடுக வருகிறது.

அமெரிக்காவில் நடனம் முதன்முதலில் பட்டப்படிப்பானது 1926-இல், மார்கரெட் ஹடப்ளரின் முயற்சியால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். அங்கும் பின்னர் வந்த துறைகளிலும் ஐரோப்பிய வழி நவீன நடனமே கோலோச்சியது. கறுப்பின மாணவர்கள் படித்த வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரியில் 1934-இல் சார்லஸ் வில்லியம்ஸ் அமைத்த குழு ஆப்பிரிக்க ஆட்டங்களையும் மேடையேற்றியது. அதே ஆண்டில் சியரா லியோனைச் சேர்ந்த அசடாடா டஃபோராவின் 'கிகுன்கோர்' நடன நாடகம் நியூயார்க் மேடையில் வரவேற்பைப் பெற்றது.

ஆனால் இத்துறைக்கு முறையான அடித்தளம் இட்டவர் கேத்தரின் டன்ஹம் (1909-2006). சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்த அவர், ரோசன்வால்ட் நிதியுதவியுடன் 1935-36-இல் ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட், ஹெய்ட்டி ஆகிய தீவுகளில் களஆய்வு செய்தார். புறப்படுமுன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் அவருக்கு ஆய்வுமுறைப் பயிற்சி அளித்தார். ஓரமாக உட்கார்ந்து குறிப்பெழுதியதோடு டன்ஹம் நிற்கவில்லை. ஆடினார்; ஹெய்ட்டியில் வோடு சமயச் சடங்கில் தீட்சையும் பெற்றார். சடங்கில் உடல் கற்றதை வகுப்பில் படிப்படியாகக் கற்றுத்தர முடியும் என்ற அவருடைய துணிபு அங்கே பிறந்தது. ஹெய்ட்டி ஆட்டங்கள் பற்றிய அவருடைய ஆய்வு 1947-இல் மெக்சிகோவில் நூலாக வெளிவந்தது. முதுகலைப் பட்டத்தை அவர் முடிக்கவில்லை; மேடையைத் தேர்ந்தார். இழப்பு கல்வியுலகுக்குத்தான், அவர் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின.

'டன்ஹம் முறை' எனப்படும் அவரது பயிற்சி மூச்சில் தொடங்கும். பாலே வகுப்பைப் போலக் கம்பியைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகளும் உண்டு. பிறகு கழுத்து, தோள், விலா, இடுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்கப் பழக்குவார்கள். ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல தாளங்களை உடலின் வெவ்வேறு பகுதிகள் ஏற்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பழக்கம். வகுப்பின் கடைசியில் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசை வரிசையாக ஆடிச் செல்வார்கள். அப்போது வருவது பெரும்பாலும் யான்வாலு. பாம்புருவ தெய்வமான டம்பாலாவுக்கு ஹெய்ட்டியில் ஆடுவது இது. முழங்கால் மடங்கி, உடல் முன்சாய்ந்திருக்கும். முதுகெலும்பின் அடியில் எழும் அலை விலா, தோள், கழுத்து என ஏறித் தலையில் முடிந்து, முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். இதற்கு வாசிக்கும் மூன்று மேளங்களில் பெரியதான தாய்மேளம் திடீரெனத் தாளத்தை உடைக்கும்போது ஆடுவோரின் அலையும் உடைய வேண்டும். எண்ணிக்கை சொல்லி இதை ஆடவைக்க முடியாது. செவி முந்த வேண்டும், கால் அதன்பின் வர வேண்டும். பதிவு செய்த இசையை ஓடவிட்டு யான்வாலு கற்பிக்கும் வகுப்பில் ஆட்டத்தின் பாதிதான் கற்பிக்கப்படுகிறது.

1960-களின் நடுவில் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகம் டன்ஹமை அழைத்தது. 1967-இல் வறுமையும் இனக் கொந்தளிப்பும் சூழ்ந்த கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில், அப்பல்கலைக்கழகத்தின் சார்பில் நிகழ்கலைப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். தெருவில் அலைந்த இளைஞர்களுக்கு நடனம், மேளம், தற்காப்புக் கலை எல்லாம் சொல்லித் தந்தார்கள். செனகல் மேளக் கலைஞர் மோர் தியாம் அமெரிக்கா வந்தது டன்ஹமின் அழைப்பால்தான். பல்கலைக்கழக நடனக் கல்வியில் இதைவிடத் துணிச்சலான முயற்சியைக் காட்டுவது கடினம்.

டிரினிடாடில் பிறந்த பேர்ல் பிரைமஸ் (1919-1994) வேறு வழியில் வந்தார். உயிரியல் பட்டதாரி. 1944-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குச் சென்று, பருத்திக் காட்டில் குத்தகை விவசாயிகளோடு வேலை செய்து அவர்களுடைய உடல்மொழியைப் படித்தார். 1948-இல் ஆப்பிரிக்காவுக்குப் போனார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1978-இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் மாசசூசெட்ஸின் ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் கற்பித்தார்.

பாடத்திட்டத்தின் கதவைத் திறந்தது மாணவர் போராட்டம். சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் 1968-69-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் கறுப்பினவியல் துறையைப் பெற்றுத் தந்தது. அதையொட்டி நாடெங்கும் எழுந்த துறைகளின் நிழலில் ஆப்பிரிக்க நடன வகுப்புகளும் பெருகின. கானாவுக்கு இந்தப் போராட்டம் தேவைப்படவில்லை. அங்கே லெகோனிலுள்ள பல்கலைக்கழகம் 1962-லேயே இசை, நடன, நாடகப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. இசையியலாளர் குவாபெனா என்கெட்டியாவும் நடன ஆசிரியர் மாவெரே ஒபோகுவும் அதன் தூண்கள். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கரியாமு வெல்ஷ், ஆப்பிரிக்க இனங்கள் பலவற்றின் அசைவுகளிலிருந்து தாம் உருவாக்கிய 'உம்ஃபுண்டலாய்' முறையைக் கற்பித்தார். அவருடைய சகபேராசிரியர் பிரெண்டா டிக்சன் கோட்ஷில்ட் 1996-இல் எழுதிய நூல், நடன அமைப்பாளர் பாலன்சினின் அமெரிக்க பாலேயில்கூட ஆப்பிரிக்க அழகியல் ஊறியிருப்பதை எடுத்துக்காட்டியது. பாலே கட்டாயப் பாடம், ஆப்பிரிக்க நடனம் விருப்பப்பாடம் என்ற பிரிவினையின் அடிப்படையையே அது அசைத்தது.

அந்தப் பிரிவினை இன்னும் முற்றாக ஒழியவில்லை. இரு பருவங்கள் மட்டும் ஆப்பிரிக்க வம்சாவளி நடனம் பயின்று, பாலேயில் எட்டுப் பருவம் பயின்றவருக்குச் சமமாக ஆடும்படி மாணவரிடம் கேட்பது நியாயமல்ல. மேளக்காரரின் நிலையும் சீராகவில்லை. வகுப்பை நடத்துவதில் பாதி அவர் பொறுப்பு. ஆனால் பட்டம் இல்லாததால் பல துறைகளில் மணிக்கணக்கில்தான் அவருக்கு ஊதியம். இக்குறைகளைப் பேச இன்று களம் இருக்கிறது: தாமஸ் டிஃப்ரான்ட்ஸ் முன்னின்று டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆப்பிரிக்க வம்சாவளி நடன ஆய்வாளர் குழு 2014 முதல் மாநாடுகள் நடத்துகிறது. 1984-இல் 'அர்பன் புஷ் விமன்' குழுவை நிறுவிய ஜவோலே வில்லா ஜோ சோலர், புளோரிடா அரசுப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றி 2021-இல் மெக்ஆர்தர் விருது பெற்றார். செனகலில் ஜெர்மைன் அகோக்னி நிறுவிய 'மணற்பள்ளி'க்கு இன்று பல நாட்டு ஆடற்கலைஞர்கள் பயிற்சிக்குச் செல்கிறார்கள். கடலோரச் சிற்றூரான துபாப் தியாலாவில் அவர்கள் பயிலும் கூடங்களில் ஒன்றுக்கு மணலே தரை.