கடலூர்ச் சிறையும் கவிஞரின் விண்ணப்பமும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே அமைந்த வடக்கனந்தல், 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான். அதற்கு முந்தைய நெடுங்காலம் இவ்வட்டாரத்துக்குக் கலெக்டர் கச்சேரி கடலூர்; மாவட்டச் சிறையும் கடலூர். அச்சிறையைத் தமிழ்க் கவிதை அறிந்தது 1918இல்.

வெள்ளையர் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஜெயிலர் சிறையிலேயே குடியிருக்க வேண்டும். மேலதிகாரி எழுத்து மூலம் இசைந்தாலன்றி வேறிடத்தில் தங்கலாகாது. அனுமதியின்றி ஓரிரவும் சிறையை விட்டு நீங்கலாகாது. ஆக, பூட்டியவரும் பூட்டப்பட்டவரும் ஒரே மதிலின் காவலில் உறங்கினர்.

பத்தாண்டுப் புதுவை வாசத்தை முடித்துக்கொண்டு 1918 நவம்பர் 20 அன்று பாரதியார் ஆங்கிலேயர் எல்லைக்குள் கால்வைத்தார். உலகப் போர் ஓய்ந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. கைது செய்யப்பட்டுக் கடலூரில் அடைக்கப்பட்டார். நவம்பர் 28 அன்று சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அரசியலை முற்றும் துறந்ததாகவும், அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அதில் உறுதி கூறினார். சிறைவாசம் தம் உடல்நலத்துக்குக் கேடு என்றும் முறையிட்டார்.

இந்த விண்ணப்பத்தைக் குறித்துப் பேச நம் மேடைகள் கூசுகின்றன. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் வைத்து வணங்குகிறோம். கல்லைக் காட்சிக்கு வைப்பது எளிது. ஒரு கவிஞன் பணிந்தெழுதிய காகிதத்தை எங்கே வைப்பது? ஆயினும் அக்காகிதத்தை ஊன்றிப் படித்தால் வேறொரு செய்தியும் தெரியவரும். போர் முடியும்வரை இரண்டு மாவட்டங்களுக்குள் அடங்கியிருக்கச் சம்மதமா என்று புதுவையிலேயே காவல்துறை உயரதிகாரி ஒருவர் கேட்டார். தாம் இணங்கவில்லை என்பதை அவரே அதில் குறிப்பிடுகிறார். வெளியே மறுத்ததைவிடக் கடுமையான தளையைச் சிறைக்குள் அவர் ஏற்க நேர்ந்தது. அந்தச் சில நாட்கள் அவரை என்ன செய்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விண்ணப்பத்தை மறைப்பவர்கள் பாரதியைக் காப்பதாக எண்ணிச் சிறையின் கொடுமையைத்தான் மறைக்கிறார்கள்.

அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், சுதேசமித்திரன் ஏ. ரங்கசாமி ஐயங்கார் ஆகியோரின் முயற்சியால் டிசம்பர் 14 அன்று விடுதலை கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையில் அரசு குறித்த இடங்களில் வசிக்க வேண்டும். எழுதுவனவற்றை அச்சேற்றுமுன் குற்றப் புலனாய்வுத் துறை அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்பன நிபந்தனைகள். ஜெயிலருக்காவது அனுமதிச் சீட்டு இரவுத் தங்கலுக்குத்தான். கவிஞருக்கோ அச்சுக்கே அனுமதி தேவைப்பட்டது.

செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்க்கை தொடர்ந்தது. 1920இல் கட்டுப்பாடுகள் நீங்கின. அவ்வாண்டே தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, நூலுக்கு 10,000 பிரதி வீதம் வெளியிடப் பொருளுதவி கோரி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு மூன்று வாரத்துக்குள் பலன் கிடைத்தது. தமிழர்க்கு எழுதியது பலிக்கவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். நூல்கள் பின்னரே வந்தன.