விடைத்தாளைத் திரும்பப் பார்த்தல்

1971இல் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்கத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது; சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250, 229. தமிழ்ப் பரீட்சகர்கள் புள்ளியை அள்ளிக் கொடுத்தார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. விசாரித்துப் பார்த்தபோது ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தும் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைக்கும் இந்தத் தரப்படுத்தல் வந்தது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதுவரை வன்னியின் இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்த குடும்பத்துப் பிள்ளை, யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே மாவட்டக் கணக்கில் நின்று போட்டியிட்டது. தரப்படுத்தலைப் பற்றிய வாதங்களில் கிளிநொச்சியின் இந்த இரட்டை இழப்பு அதிகம் பேசப்படவில்லை.

இவ்வளவு பெரிய பிணக்கிலும் மாணவர் கையில் இருந்தது சுட்டெண்ணும் பெறுபேறும் மட்டுமே. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தாலும் புள்ளி மாறியது அல்லது மாறவில்லை என்ற பதில்தான் வரும். எந்த வினாவில் எதற்காகக் குறைந்தது என்பது தெரியாது. திருத்திய விடைத்தாள் நெடுங்காலம் எழுதியவர் கண்ணில் படவே இல்லை.

இன்று இரணைமடுவுக்கு அண்மையில், அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய விவசாய பீடம் போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, போர் முடிந்த பின் திரும்பி வந்தது. இப்பல்கலைக்கழகம் பயன்படுத்தும் மூடில், ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பாக வெளியிட்ட, இணையவழிக் கற்றலுக்கான இலவச மென்பொருள். 2020இல் கொரோனா வந்து வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, பல்கலைக்கழகத் தளங்களுக்குத் தரவுக் கட்டணம் இல்லையென்று தொலைபேசி நிறுவனங்கள் அறிவித்தன. வன்னி வீடுகளுக்கு அது பேருதவி.

மூடிலில் குவிஸ் எனப்படும் இணையத் தேர்வில் ஒவ்வொரு முயற்சியும் தனிப் பதிவு. எப்போது தொடங்கினார், எந்த விடையை எப்போது மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். விடைகள் வழமையாக நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கப்படும். சிக்னல் போனாலும் அதுவரை சேமித்தது அழியாது. மின்சாரம் நின்று நேரம் இழந்தவருக்கு மட்டும் ஆசிரியர் கூடுதல் நேரமோ இன்னொரு முயற்சியோ கொடுக்கலாம்.

திருத்தத்தில்தான் இதன் உண்மையான பெறுமதி தெரியும். புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு விடை 9.81 என்று மட்டும் பதிந்துவிட்டால், 9.8 என எழுதிய அத்தனை பேருக்கும் பூச்சியம். வகுப்பில் பெரும்பாலானோர் அந்த ஒரு வினாவில் விழுந்திருப்பதைப் புள்ளிவிவர அறிக்கை காட்டிக்கொடுக்கும். ஏற்கக்கூடிய வழு எல்லையைச் சேர்த்து மீள்மதிப்பீடு செய்தால், முடிந்துபோன முயற்சிகள் எல்லாம் திரும்பக் கணிக்கப்படும். முறைப்பாடு செய்யத் துணியாத மாணவருக்கும் புள்ளி வந்து சேரும். முன்பு இப்படி நடக்க ஒருவர் விண்ணப்பித்திருக்க வேண்டும், பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் திரும்பப் பார்க்கும் கதவின் சாவி ஆசிரியரிடமே இருக்கிறது. முயற்சியின்போது, முடித்த உடனே, பிறகு குவிஸ் திறந்திருக்கும்போது, குவிஸ் மூடியபின் என நான்கு கட்டங்களிலும் விடை, புள்ளி, சரியான விடை ஆகியவற்றில் எதைக் காட்டுவது என்று அவரே தீர்மானிக்கிறார். வினா வெளியே போய்விடும் என்று அஞ்சி எல்லாவற்றையும் மூடிவிடுவோரும் உண்டு. வினா வங்கி சிறியதாக இருக்கும்போது அந்த அச்சம் நியாயம்தான். அதற்கு மருந்து, வினா வங்கியைப் பெருக்கி, ஒவ்வொருவருக்கும் வினாக்களை எழுமாறாகத் தெரிந்து கொடுப்பது. குவிஸ் மூடிய பின்னராவது மாணவர் தன் விடையையும் அதற்கு விழுந்த புள்ளியையும் பார்க்க வேண்டும். அதற்கு ஆசிரியர் அமைப்புப் பக்கத்தில் சில பெட்டிகளில் சரி அடையாளம் இட்டால் போதும்.