இன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி

இன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி (பிறப்பு 1983) நைஜீரியாவின் எனுகு நகரில் இக்போ குடும்பத்தில் பிறந்த ஓவியர். தாய் டோரா அகுன்யிலி, போலி மருந்துகளை எதிர்த்துப் போராடி நாடறிந்த அரசு அதிகாரி. 1999இல் அமெரிக்கா சென்ற இன்ஜிடேகா, 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவிய முதுகலைப் பட்டம் பெற்றார். இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் வசிக்கிறார்.

சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இவருடைய ஓவியம் அமைதியான ஒரு வீட்டறை: சோபா, மேசை, செடி, குனிந்த தலையோடு ஒரு பெண். கிட்டே போனால் சுவரிலும் தரையிலும், சில இடங்களில் மனிதரின் தோலிலும்கூட நூற்றுக்கணக்கான சிறு முகங்கள் தெரியும். நைஜீரியப் பத்திரிகைப் படங்கள், பாப் பாடகர்கள், ராணுவ ஆட்சியாளர்கள், குடும்ப ஆல்பத்தின் திருமணக் காட்சிகள். அச்சிட்ட படத்தைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்து, அசிட்டோனில் நனைத்துத் தேய்ப்பார். மை மங்கலாக இறங்கும். அதன்மேலும் அருகிலும் அக்ரிலிக், வண்ணப் பென்சில், கரி. பாதி அழிந்தும் பாதி தெளிந்தும் நிற்கும் அந்த முகங்கள் நினைவைப் பற்றிய படங்கள் அல்ல, நினைவே அப்படித்தான் இருக்கிறது. நினைவின் இந்த இயல்பைக் காகிதத்தில் கொண்டுவந்ததே இவரது ஆகப் பெரிய சாதனை.

திருமணம், இறுதிச்சடங்கு, தேர்தல் எதுவானாலும் உரியவரின் உருவத்தைத் துணியில் அச்சடித்து உடுத்துவது நைஜீரிய வழக்கம். தாயின் முகம் பதிந்த அத்தகைய துணி இவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. டோரா 2014இல் மறைந்தார்.

‘டீ டைம் இன் நியூ ஹேவன், எனுகு’ (2013) என்ற படத்தில் மனிதர் எவருமில்லை. தேநீர்ப் பொருட்கள் பரப்பிய ஒரு மேசை மட்டும். நியூ ஹேவன் என்பது யேல் இருக்கும் ஊர். எனுகுவில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கும் அதே பெயர். தேநீர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழக்கம். ஆனால் போர்ன்விட்டா, மைலோவையும் ‘டீ’ என்றே அழைத்து நைஜீரியர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். இரண்டு ஊர்களில் வாழும் ஒருவரின் அடையாளச் சிக்கலை இவ்வளவு எளிமையாகச் சொன்ன படம் அரிது.

நைஜீரியச் சிறுவர் சிறுமியரை வரைந்த ‘தி பியூட்டிஃபுல் ஒன்ஸ்’ வரிசையின் பெயர், கானா நாவலாசிரியர் அயி க்வே அர்மாவின் 1968 நாவல் தலைப்பிலிருந்து வந்தது. 2017இல் மக்ஆர்தர் நல்கை இவருக்குக் கிடைத்தது.

இவரது ஓவியங்களில் ‘ப்ரிடிசெசர்ஸ்’ லண்டன் டேட் அருங்காட்சியகத் தொகுப்பிலும், ‘போர்ட்டல்ஸ்’ நியூயார்க் விட்னி அருங்காட்சியகத் தொகுப்பிலும் உள்ளன. சிறிய அச்சுப்படத்தில் அறை மட்டுமே தெரியும், முகங்கள் தெரியா. காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும்போது வாய்த்தால், நெருங்கி நின்று பாருங்கள்.