உள்ளே இருக்கும் விரிசல்

மண்பானை வாங்கப் போகிறவர் அதை விரலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும். ஆயினும், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழமானது, நாளை எத்திசையில் வளரும் என்பவற்றை ஓசை சொல்லாது. பொருளை உடைக்காமலே இவற்றை அறிய மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அவர் தம் மனைவியின் கையை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டு அவர் தம் வேட்டைத் துப்பாக்கியையும் அவ்வாறே படம் எடுத்தார். அதன் உலோகத்தினுள் இருந்த குறை அப்படத்தில் தென்பட்டது. இதனைப் பலர் அறியார். மருத்துவருக்குக் கிடைத்த கண் கொல்லருக்கும் உடனே கிடைத்துவிட்டது என்று நான் சொல்வேன்.

அக்கண்ணுக்கு வேலை நிரம்ப இருந்தது. 1954-இல் இங்கிலாந்தின் 'காமெட்' விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. 56 உயிர்கள் மாண்டன. அதே வகை விமானம் ஒன்றைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். அதன் கூடு பிளந்தபோதுதான் உலோகச் சோர்வே காரணம் என்பது உறுதியாயிற்று. உண்மையை அறிய ஒரு விமானத்தையே உடைக்க வேண்டியிருந்தது!

எக்ஸ் கதிர்ப் படத்தால் முன்பே கண்டிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். சாதாரணப் படம் நிழலே அன்றோ? பத்துப் பேர் வரிசையாக நின்றால் சுவரில் ஒரே நிழல்தான் விழும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் நிழல்களில் மெல்லிய விரிசல் மறைந்துபோகும்.

இச்சிக்கலை அவிழ்க்கும் வழியை, ஜொஹான் ராடான் என்னும் ஆஸ்திரியக் கணித நிபுணர் 1917-லேயே எழுதிவைத்தார். வகுப்பறையில் சொல்வது போலவே சொல்கிறேன். காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டங்களில் மேலே 2, 3 என்றும் கீழே 4, 1 என்றும் எழுதி, எண்களை மறைத்துவிடுங்கள். குறுக்கு வரிசைகளின் கூட்டுத்தொகை 5, 5. நெடுக்கு வரிசைகளின் கூட்டுத்தொகை 6, 4. இவற்றை மட்டும் கொண்டு எண்களைக் கண்டறிய இயலாது; மேலே 1, 4, கீழே 5, 0 என்றாலும் அதே தொகைகள் வரும். மேல் இடக்கட்டத்தையும் கீழ் வலக்கட்டத்தையும் கூட்டினால் 3 என்று இன்னொரு கோணத்துச் செய்தியையும் சொல்லிவிட்டால், விடை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நிழலும் ஒரு கூட்டுத்தொகை. பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பி நூற்றுக்கணக்கான நிழல்களை எடுத்தால், உள்ளிருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் இக்கணக்கைப் போட மனித ஆயுள் போதாது, கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது. ராடானின் கட்டுரையை அறியாமலே கார்மக் 1960-களில் இக்கணிதத்தைத் தாமே வகுத்தார். ஹவுன்ஸ்பீல்டு அமைத்த கருவி 1971-இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையைக் காட்டியது. இருவருக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1982-இல் எலியட், டோவர் என்ற இருவர் ஒரு சிறு நத்தையின் ஓட்டை மிக நுண்ணிய அளவில் இவ்வாறு படம் எடுத்தனர். அதன் பின் பிரான்ஸின் கிரநோபில் நகரிலும் பிற இடங்களிலும் அமைந்த சின்க்ரோட்ரான் நிலையங்களின் வலிய கதிர்கள் உலோக ஆராய்ச்சிக்கு உதவின.

அங்கே அறிஞர்கள் சிறு அலுமினியக் கம்பியை இழுத்துக்கொண்டே, இடையிடையே படம் எடுக்கிறார்கள். உலோகத்தினுள் பொதிந்த கடினமான துகள் முதலில் உடைகிறது, அல்லது தன்னைச் சூழ்ந்த உலோகத்தை விட்டு விலகுகிறது. அங்கே ஒரு புரை தோன்றிப் பெருக்கிறது. பக்கத்துப் புரையோடு சேர்கிறது. பிறகே கம்பி அறுகிறது. முன்னாளில் கம்பியை அறுத்து, மெருகேற்றி, ஒரு முகத்தையே பார்ப்பார்கள். ஒரே கம்பியின் வாழ்வை முதலிலிருந்து இறுதிவரை காண வழியில்லை. இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு: நுண்மையாகக் காண வேண்டுமாயின் பொருளும் சிறிதாக இருத்தல் வேண்டும்.

டர்பைன் இதழ்களின் விரிசலைத் தேடும் நோக்கத்துடன் தோன்றிய ஒரு கருவியைப் பற்றியும் கூறவேண்டும். சுமார் 8 டன் எடையுள்ள அக்கருவியை 2005-இல் இங்கிலாந்திலிருந்து ஏதென்ஸ் நகரப் பொருட்காட்சிசாலைக்குக் கொண்டுசென்றார்கள். ஆன்டிகிதெரா தீவருகே கடலடியிலிருந்து 1901-இல் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள வெண்கல யந்திரம், 82 துண்டுகளாக அங்கே துருவேறிக் கிடந்தது. முன்பு எடுத்த படங்களில் பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. இப்போது தனித்தனியே பிரிந்து நின்றன. ஒரு சக்கரத்துக்கு 223 பற்கள் என்பது ஐயமற விளங்கிற்று. கிரகணங்கள் திரும்பி வரும் சந்திர மாதங்களின் எண்ணிக்கையும் 223-தான்.