மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி: மாணவர் சேர்க்கை

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில் உள்ள அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் முறை பற்றியது இக்கட்டுரை. ஊரார் இதைச் சிற்பக் கல்லூரி என்றே சொல்வர். நிர்வாகம் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையிடம் உள்ளது. பட்டம் வழங்குவது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம்.

பழைய சேர்க்கை

சிற்பத்தொழிலுக்குள் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி கல்லூரியைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. சிற்ப நூலான மயமதம் தொழிலாளரை நால்வகையாகப் பிரிக்கிறது. பணி முழுவதையும் திட்டமிட்டு நடத்துபவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு காட்டுபவர் சூத்ரகிராகி. கல்லும் மரமும் செதுக்குபவர் தட்சகர். செதுக்கிய உறுப்புகளை இணைத்து எழுப்புபவர் வர்த்தகி. கடைத்தெரு வர்த்தகருக்கும் இவருக்கும் உறவில்லை. ஸ்தபதிக்கு வேண்டிய தகுதிகளை அந்நூல் நீளமாக அடுக்குகிறது. உடற்குறை இருக்கக்கூடாது, ஓவியம் தெரிந்திருக்கவேண்டும், பல நாடுகளை அறிந்திருக்கவேண்டும் என்பவற்றோடு கணிதம் வல்லவராக இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. சூத்ரகிராகியாக வருபவர் ஸ்தபதியின் மகனாகவோ மாணவராகவோ இருக்கலாம் என்கிறது நூல். ஆகவே சிற்பம் விஸ்வகர்மக் குடும்பங்களுக்கே உரிய குலத்தொழில் என்ற வாதத்துக்கு மயமதத்தைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது.

நடைமுறையில் மகனே மாணவனாக இருந்தான். சேர்க்கைக்குத் தேர்வு கிடையாது. பட்டறைக்கு வரும் சிறுவன் முதலில் துருத்தி ஊதுவான், மழுங்கிய உளியை உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கக் கற்பான். கோடு போடவும் தாலக் கணக்குப் படிக்கவும் அதன்பின்தான் இடம் கிடைக்கும். முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு உருவத்தின் உயரம் முழுவதையும் பகுப்பது தாலக் கணக்கு. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தச தாலத்தில் உயரம் 124 பகுதிகளாகும். இந்தப் பகுப்பு மனத்தில் ஏறாதவன் எத்தனை ஆண்டு பட்டறையில் கிடந்தாலும் கல்லைக் கொத்திப் பொளி போடுவதைத் தாண்டமாட்டான். அவ்வகையில் நுழைவுத்தேர்வு இருக்கத்தான் செய்தது, நுழைந்தபின் நடந்தது.

1957க்குப் பின்

1957இல் அரசு இங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. அதன் தலைமைப் பொறுப்பேற்றவர் பிள்ளையார்பட்டி மரபைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப்பின் மகன் வை. கணபதி ஸ்தபதி (1927–2011) 1988 வரை பொறுப்பில் இருந்தார். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் இவரே. 2009இல் பத்மபூஷண் பெற்றார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர் என்பது இக்கட்டுரைக்குக் கூடுதலாகப் பொருந்தும் செய்தி. பரம்பரையும் பட்டமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால், பயிற்சி நிலையம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தபோது மரபாளர்களின் முணுமுணுப்பு பெரிதாகவில்லை.

பட்டம் வந்ததும் பள்ளிச் சான்றிதழ் வந்தது. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். சேரப் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்கவேண்டும். மயமதம் ஸ்தபதியிடம் கேட்ட கணிதத்தை அரசு மதிப்பெண் பட்டியலில் கேட்கிறது. மரபுச் சிற்பத்துக்கும் மரபு ஓவியத்துக்குமான பி.எஃப்.ஏ. படிப்புகளில் இந்தப் பாடக்கட்டுப்பாடு இல்லை. சிற்பப் பிரிவில் கல், சுதை, உலோகம், மரம் என்று ஊடகம் பிரிகிறது. இரு பட்டங்களும் நான்காண்டுப் படிப்பு. பொறியியல் கலந்தாய்வில் இக்கல்லூரியைத் தேடவேண்டாம், விண்ணப்பம் தனி. பி.டெக். என்றதும் 'சிவிலா?' என்று கேட்கும் பெற்றோருக்குச் சிவில் அல்ல, கோயில் என்பதே சரியான விடை. இந்து சமய அறநிலையத் துறையின் ஸ்தபதி பணிகளை நோக்கித்தான் இப்படிப்பு பலரை இழுக்கிறது.

இடங்கள் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுகின்றன. பட்டியலினத்தவருக்கு 18, பழங்குடியினருக்கு 1, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, இஸ்லாமியருக்கான 3.5 உட்படப் பிற்படுத்தப்பட்டோருக்கு 30. விஸ்வகர்மர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர்கள். ஸ்தபதி வீட்டுப் பிள்ளையும் அந்த வரிசையில்தான் நிற்கவேண்டும். பட்டறைக்காரர் சிலர் இதனால் கைத்தேர்ச்சி குறைந்ததாகக் குறைசொல்வர். முதலாண்டில் உளி பிடிக்கத் தெரியாமல் வரும் மாணவரைப் பார்த்துச் சொல்வது அது. நான்காம் ஆண்டு வேலையைப் பார்த்தவர் சொல்வதில்லை.

இன்றைய நிலை

2013இல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு கல்லூரி இணைக்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. மாமல்லபுரம் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பிளஸ் டூ முடிவு வெளியானபின் நாளிதழ்களில் சேர்க்கை அறிவிப்பு வரும்.