ஈரி கால்வாய்

ஈரி கால்வாய், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையின் ஆல்பனியையும் ஈரி ஏரிக்கரையின் பஃபலோவையும் இணைக்க வெட்டப்பட்ட செயற்கை நீர்வழி. நீளம் 363 மைல். தொடக்கத்தில் அகலம் 40 அடி, ஆழம் 4 அடி. ஏறத்தாழ 170 மீட்டர் உயர வேறுபாட்டை, படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் 83 அடைப்பு மதகுகள் ஈடுசெய்தன. கரைப்பாதையில் நடந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் படகுகளை இழுத்தன.

சாலை, கால்வாய்ப் பணிகளுக்குக் கூட்டாட்சி நிதி ஒதுக்கும் மசோதாவை 1817 மார்ச்சில் குடியரசுத் தலைவர் மேடிசன் தடுத்ததால், மாநிலமே கடன்பத்திரங்கள் வழியாகச் செலவை ஏற்றது. அது சுமார் 70 லட்சம் டாலர். ஆளுநர் டிவிட் கிளின்டன் முன்னின்றார். பயிற்சி பெற்ற பொறியாளர்கள் அரிதாயிருந்த நாட்டில், நில அளவையாளர்கள் வேலையினூடே தொழிலைக் கற்றனர். 1817 ஜூலை 4இல் அம்மாநிலத்தின் ரோம் நகரில் தொடங்கிய பணி 1825 அக்டோபரில் முடிந்தது. உழைப்பாளர்களில் அயர்லாந்துக் குடியேறிகள் கணிசம்.

பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு டன்னுக்குச் சுமார் 100 டாலராயிருந்த சரக்குக் கட்டணம் பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. மேற்கின் கோதுமை நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. கால்வாய்க் கரையிலிருந்த ராச்செஸ்டர் மாவு ஆலை நகரமாயிற்று. ஹொடனொசோனி பழங்குடியினரின் நில இழப்பை இவ்வளர்ச்சி விரைவுபடுத்தியது.

கால்வாய் வட்டாரம் சீர்திருத்த இயக்கங்களின் களமாகவும் இருந்தது: ராச்செஸ்டரில் 1830–31இல் சார்லஸ் ஃபின்னியின் சமய எழுச்சிக் கூட்டங்கள் நடந்தன; 1847இல் அங்கிருந்தே ஃபிரெடெரிக் டக்ளஸ் அடிமைமுறை எதிர்ப்பு இதழைத் தொடங்கினார்; அருகிலுள்ள செனகா ஃபால்ஸில் 1848இல் பெண்ணுரிமை மாநாடு கூடியது.

1836–1862இல் கால்வாய் விரிவாக்கப்பட்டது. ரயில் போட்டியினூடே 1882இல் சுங்கம் நீக்கப்பட்டது. 1918இல் புதிய சரக்குப்படகுக் கால்வாய் இதன் இடத்தைப் பிடித்தது.