கம்பி வளையத்தின் நடுவே

வட்டமாக வளைத்த கம்பியில் மின்சாரம் பாயும்போது, அதன் மையத்தில் எழும் காந்தப் புலம் எவ்வளவு? இதற்குரிய சூத்திரத்தைப் பள்ளி நாளில் நான் மனப்பாடம் செய்தேன். அது பிறந்த வரலாற்றை அறிந்த பின்னரே அதன் அருமை எனக்கு விளங்கிற்று.

1820ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் எர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று உலகுக்கு அறிவித்தார். அக்டோபர்த் திங்களிலேயே பாரிஸ் நகரில் பியோ, சவார் என்னும் இருவர், நீண்ட நேர்க்கம்பியின் காந்த விசை, தூரம் இரட்டித்தால் பாதியாகும் என்று அளந்து காட்டினர்.

வளையத்துக்கு இது போதாது. கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தரும் பங்கு தெரிய வேண்டும். ஆனால் துண்டை வெட்டியெடுத்தால் மின்னோட்டமே நின்றுவிடுமே! இங்கேதான் லாப்லாஸ் என்னும் கணித மேதை துணை வந்தார். முழுக்கம்பியின் அளவிலிருந்து துண்டின் பங்கை உய்த்துணர்ந்தார்: அது தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும்.

வளையத்தின் மையத்துக்கு எல்லாத் துண்டுகளும் ஒரே தூரம். அவற்றின் பங்குகள் யாவும் ஒரே திசை. ஆகவே கூட்டினாற் போதும். ஆரம் பாதியானால் புலம் இரட்டிக்கும். நெருங்கிய சுற்றுகள் பத்தானால் பத்து மடங்காகும். 1837இல் பூயே அமைத்த டான்ஜென்ட் கால்வனாமீட்டர் இக்கணக்கை நம்பியே மின்னோட்டத்தை அளந்தது.

தனித்துக் காண இயலாத துண்டை அறிவால் கண்டனர். அதனைக் கொண்டு முழுமையைக் கணித்தனர். அச்சூத்திரத்தை எழுதும்போதெல்லாம் இதனையே நான் நினைக்கிறேன்.